சித்திர நாவலும் வீட்டு மொழியும்



மட்டாஞ்சேரிக்கு வருவோர் தவறாமல் காணும் இடங்களுள் ஒன்று அங்குள்ள பழைய அரண்மனையாகும். 1555ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் அதனைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் அதனைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தமையால், டச்சு அரண்மனை என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமகாதை முழுவதும் வண்ணங்களால் தீட்டப்பட்டுள்ளது. கதையை அறிந்தவனுக்கு அங்கே எழுத்துத் தேவையில்லை, கண்ணே வாசித்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல்நிலைப் பள்ளியில் பயிலும் என் மகளுடன் அவ்வோவியங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்பா, என்னுடைய புத்தகத்தையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும்" என்றாள் அவள். எந்தப் புத்தகம் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நூலை எடுத்துக் காட்டினாள். பக்கமெங்கும் படங்கள், படங்களுக்கிடையே ஒருசில சொற்கள். வீடு திரும்பிய பின் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணம். அதனை அதன் இடத்தில் சொல்கிறேன். முதலில் அந்நூல் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

அதனைச் சித்திர நாவல் எனலாம். படத்தொடர்களை நாம் அறியாதவர்கள் அல்லர். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையையும், 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸையும் கையில் எடுக்காமல் வளர்ந்தவர் நம்மில் குறைவு. கேரளத்திலோ, பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ் பெற்ற ஜி. அரவிந்தன் 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் ஒரு சித்திரத் தொடர் வரைந்துவந்தார். வேலை தேடும் ராமு என்னும் இளைஞனும் அவனுக்கு நண்பராகிய குருஜியும் அதில் வாரந்தோறும் வாழ்ந்தனர். துப்பறிவாளரும் மாயாவியும் இல்லாத அத்தொடரில் ஒரு நடுத்தரக் குடும்பத்து இளைஞன் காலத்தோடு எவ்வாறு மாறுகிறான் என்பதே கதை. நாவலுக்குரிய பணியைச் சித்திரமும் செய்யக்கூடும் என்பதை அது அன்றே காட்டிவிட்டது.

இந்தியாவில் சித்திர நாவல் என்ற வகையில் முன்னோடியாகக் குறிக்கப்படுவது 1994இல் ஓரிஜித் சென் வரைந்த, நர்மதை அணை எதிர்ப்பைப் பற்றிய நூலாகும். இன்று இவ்வகை நூல்கள் உலகெங்கும் மிகுதியாக வாசிக்கப்படுகின்றன. வாசிப்போருள் பெரும்பாலோர் இளையோர்.

என் மகள் வைத்திருந்த நூலின் பெயர் ஹார்ட்ஸ்டாப்பர். அதனை எழுதி வரைந்தவர் 1994இல் பிறந்த ஆங்கில எழுத்தாளரும் ஓவியருமாகிய ஆலிஸ் ஓஸ்மன். 2014இல் வெளிவந்த தம் முதல் நாவலில் துணைப்பாத்திரங்களாக வந்த இரு சிறுவர்களைப் பற்றி மேலும் சொல்ல விரும்பி, 2016இல் இணையத்தில் ஒரு சித்திரத் தொடரை அவர் தொடங்கினார். வாசகர்கள் பொருளுதவி செய்து 2018இல் அதன் முதற்பாகம் அச்சேறக் காரணமாயினர். மறு ஆண்டு ஒரு பெரிய பதிப்பகம் அதனை ஏற்றுக்கொண்டது. 2022இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தொடர்ப்படமாகவும் வந்தது.

கதை எளிது. இங்கிலாந்தில் ஆண்கள் பள்ளி ஒன்று. சார்லி என்ற சிறுவன் முரசுக்கருவிகள் வாசிப்பவன், மெலிந்தவன், கூச்சமுடையவன். அவன் மனம் ஆண்களையே நாடுகிறது என்ற செய்தி முந்தைய ஆண்டு பள்ளி முழுவதும் பரவி, அதனால் பல மாதங்கள் ஏச்சுக்கும் பேச்சுக்கும் ஆளானவன். நிக் என்பவன் ஒரு வகுப்பு மூத்தவன், ரக்பி ஆட்டக்காரன், எல்லோருக்கும் இனியவன். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துகிறது பள்ளி. நட்பு மலர்கிறது. பிறகு ஒருநாள், தன் மனத்தில் இருப்பது நட்பு மட்டுந்தானா என்ற ஐயம் நிக்குக்கு எழுகிறது. பெண்களையும் விரும்பி வந்தவன் அவன். ஆகவே தான் யார் என்பதே அவனுக்கு விளங்கவில்லை. அந்தக் குழப்பத்தை அவன் மெல்ல மெல்லக் கடப்பதே முதலிரு பாகங்களின் பொருள்.

இதனைச் சாதாரண நாவலாக எழுதியிருக்கலாமே, படம் எதற்கு என்று கேட்கலாம். சித்திர நாவலின் உயிர் கட்டங்களில் மட்டும் இல்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விடப்பட்டுள்ள வெற்றிடத்திலும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் கை நீள்கிறது. அடுத்த கட்டத்தில் நின்றுவிடுகிறது. இடையில் நிகழ்ந்த தயக்கத்தை வாசிப்பவன் தன் மனத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறான். முதற்பாகத்தில் இப்படி ஓர் இடம் வருகிறது. படம் பார்த்துக்கொண்டே சார்லி உறங்கிவிடுகிறான். அவன் கையருகே நிக்கின் கை வந்து, தொடாமல் நிற்கிறது. வசனம் ஏதும் இல்லை. தனக்கே பெயர் தெரியாத ஓர் உணர்ச்சியை உடையவனிடம் சொல்லை எதிர்பார்ப்பது எவ்வாறு? சொல் பிறப்பதற்கு முன்னுள்ள நிலையைக் காட்டுவதற்குச் சித்திரம் மிகப் பொருத்தமான கருவி என்பதை அவ்விடத்தில் உணரலாம்.

இனி, இந்நூல் காதற்கதை மட்டும் அன்று. நட்பின் கதையும் ஆகும். சார்லியைச் சூழ்ந்து ஒரு நண்பர் குழு இருக்கிறது. அவனுக்கு ஏதும் தீங்கு நேருமோ என்று எந்நேரமும் அஞ்சும் டாவ் ஒருவன். ஆண்கள் பள்ளியிலிருந்து விலகிப் பெண்கள் பள்ளியில் சேர்ந்த எல் என்னும் திருநங்கை மாணவி ஒருத்தி. ஒருவரையொருவர் நேசிக்கும் தாரா, டார்சி என்ற இரு மாணவிகள். இவர்கள் ஒருவருக்கொருவர் அரணாக நிற்கின்றனர். துன்பம் வராமற்போகவில்லை, ஆனால் துன்பம் வரும்போது எவரும் தனியாக இல்லை. தோழமை என்ற தரையின்மீதுதான் இக்கதையில் காதல் நிற்கிறது.

இரண்டாம் பாகத்தின் முடிவில் நிக் தன் தாயிடம் உண்மையைச் சொல்கிறான். அத்தாய் சினம் கொள்ளவில்லை, அழவுமில்லை. அவள் வருந்துவதெல்லாம், இதனைச் சொல்லத் தயங்கும்படி தான் என்றேனும் நடந்துகொண்டிருப்பேனோ என்பதற்காகவே. பெற்றோராகிய நாம் நூல் முழுவதையும் வாசிக்காவிடினும், அந்தச் சில பக்கங்களை வாசித்துவிடுவது நலம்.

இஃதெல்லாம் மேனாட்டுச் சங்கதி. நம் நாட்டுக்கு என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு என்பதற்குக் கேரளமே சான்று. வி. டி. நந்தகுமார் எழுதிய "ரண்டு பெண்குட்டிகள்" என்ற மலையாள நாவல் இரு பெண்களின் நேசத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது. 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஆயினும் அந்த நேசம் கடந்துபோகும் ஒரு பருவம் என்றே அங்கு வைக்கப்பட்டது. 1986இல் பத்மராஜன் இயக்கிய "தேசாடனக்கிளி கரயாறில்லா" என்ற படத்தில், பள்ளிச் சுற்றுலாவிலிருந்து தப்பி ஓடும் இரு மாணவியரைக் காண்கிறோம். அவர்களிடையே இருந்த பிணைப்புக்கு அப்படம் பெயர் எதுவும் இடவில்லை. முடிவில் இருவரும் உயிரை மாய்த்துக்கொள்கின்றனர்.

இது திரைக்கதையோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கேரளத்தில் இளம்பெண்கள் இருவர் இருவராக உயிர் துறந்த செய்திகள் நாளேடுகளில் அடுத்தடுத்து வந்ததுண்டு. பெண்களை நேசிக்கும் பெண்களுக்குத் துணையாக 2002இல் இங்கு தொடங்கப்பட்ட சகயாத்ரிகா என்ற அமைப்பு, அத்தகைய மரணங்களைத் தேடித் தொகுத்து நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. கதையில் எந்த முடிவு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறதோ, அது ஒன்றே முடிவு என்று இளம் உள்ளம் நம்பிவிடுவது இயல்பு. ஆகவே கதையின் முடிவு சிறிய விஷயம் அன்று.

இவ்விடத்தில் ஓர் இந்தியச் சித்திர நாவலையும் குறிப்பிட வேண்டும். அம்ருதா பாட்டீல் எழுதி வரைந்து 2008இல் வெளிவந்த "காரி" என்பது அது. வளர்ந்தோருக்கான நூல், நிறத்தில் இருண்டது. ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்கள் சாக முயன்று, இருவருமே பிழைத்துக்கொள்வதோடு அது தொடங்குகிறது. ஒருத்தி ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். மற்றொருத்தியாகிய காரி மும்பையிலேயே தங்கி, விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்து, நெரிசலான வீட்டில் தோழியரோடு குடியிருந்து வாழ்கிறாள். பழைய கதை எங்கே முடிந்ததோ அங்கே புதிய கதை தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ஹார்ட்ஸ்டாப்பர் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. அதில் வரும் பிள்ளைகள் வாழ்கின்றனர்; தேர்வு எழுதுகின்றனர்; சண்டையிட்டுச் சமாதானம் ஆகின்றனர். இத்துணை சாதாரணமாக வாழலாம் என்பதே அவ்வாசகர்களுக்குப் பெருஞ் செய்தி.

சட்டமும் இக்காலத்தில் மாறியுள்ளது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்தோர் இருவர் மனமொப்பிக் கொள்ளும் ஒருபால் உறவு குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய திருமணத்துக்குச் சட்டம் இடந்தர வேண்டும் என்ற கோரிக்கையை அதே நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை. மட்டாஞ்சேரிக்கு நேரெதிரே, காயலுக்கு அப்பால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றமோ, பெற்றோரால் பிரிக்கப்பட்ட இரு இளம்பெண்கள் சேர்ந்து வாழலாம் என்று 2022 மே 31ஆம் நாள் ஆணையிட்டது. மருத்துவ உலகின் கருத்தும் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே ஒருபால் ஈர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயன்று என்று 2018இல் அறிவித்தது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்று என் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு மிகவும் உவப்பானது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு இளம்பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இப்பொருளில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாகக் கூறிய அவர், ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின்னரே ஆணை பிறப்பித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இத்தகையோரை மதிப்புடன் குறிப்பதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் முன்னரே வேரூன்றியவை. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, பால்புதுமையினர் முதலிய சொற்களும் இன்று வழக்கில் உள்ளன. ஏசுவதற்கு மட்டுமே சொற்கள் இருந்த இடத்தில் மதிப்பதற்கும் சொற்கள் வந்துவிட்டன.

இப்போது என் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். மாற்றலாகிக் கொச்சிக்கு வந்து மட்டாஞ்சேரியில் குடியிருக்கிறேன். இங்கே கொங்கணியும் குஜராத்தியும் கச்சி மொழியும் தக்கினியும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும். தமிழும் இங்கு புதிதன்று. ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்திலேயே வந்தவர்கள் என்பர். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். கடைக்குப் போ, சாப்பிடு, பாட்டிக்குத் தொலைபேசியில் பேசு என்ற அளவில் வீட்டுத்தமிழ் நின்றுவிடுகிறது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் இருக்கும் உங்கள் இல்லங்களிலும் நிலைமை இதுவே அன்றோ?

அன்று மாலை என் மகள் கேட்டது இதுதான்: "அப்பா, இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது?"

மொழிபெயர்ப்பாளன் அல்லவா? அரசிதழில் பட்டியல் இருக்கிறது என்று உற்சாகமாகத் தொடங்கினேன். அவள் தலையசைத்து மறுத்தாள். "அந்தச் சொற்கள் வேண்டாம் அப்பா. என் தோழி ஒருத்தி தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவள் அம்மாவுக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும். அவளுக்கு எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்லத் தெரிகிறது" என்றாள்.

யார் அந்தத் தோழி என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளாகச் சுற்றறிக்கைகளையும் விதித்தொகுப்புகளையும் மொழிபெயர்த்தவன் நான். ஒரு மகள் தன் தாயிடம் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு மூன்று வாக்கியம் அமைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கலைச்சொல் எதுவும் அதில் இடம்பெறவில்லை. அம்மா, என் மனசு பெண் பிள்ளைகளிடந்தான் போகிறது. இது நோயும் இல்லை, யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. உன்னிடம் மறைத்து வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவே. என் மகள் அதனைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றாள். சொல்வதற்கு அவசரப்பட வேண்டாம், வீட்டில் அடியோ பூட்டோ நேருமென்ற அச்சம் இருந்தால் சொல்லவே வேண்டாம் என்று மட்டும் கூறியனுப்பினேன். அதனை முடிவு செய்ய வேண்டியவள் அச்சிறுமி ஒருத்தியே; நானல்லன்.

பெற்றோர் சிலர் என்னைக் கேட்கக்கூடும்: இத்தகைய நூல்களை வாசிப்பதால் பிள்ளைகள் அவ்வாறு ஆகிவிடமாட்டார்களா? ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளையே வாசித்து, அத்தகைய படங்களையே பார்த்து வளர்ந்தவர்களிலும் தன்பாலீர்ப்பு உடையவர்கள் எக்காலத்தும் இருந்தே வந்துள்ளனர். கதை மனத்தின் இயல்பை மாற்றவல்லதாயின் அவர்கள் மாறியிருக்க வேண்டும். நூல் செய்வது வேறு. தான் ஒருவனே இப்படி என்று மருகும் பிள்ளைக்கு, நீ ஒருவன் மட்டும் அல்ல என்கிறது. அவ்வாறில்லாத பிள்ளைக்கோ, பக்கத்து இருக்கையில் இருப்பவனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கற்பிக்கிறது. என் மகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். ஒரு நல்ல தோழியாக இருப்பது எப்படி என்பதை அந்நூலிலிருந்தே அவள் கற்றுக்கொண்டாள் என நம்புகிறேன்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அத்தொடரின் பிற்பாகங்களில் சார்லி உணவை மறுத்து, தன்னையே வருத்திக்கொண்டு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் பகுதிகள் வருகின்றன. அவை பொறுப்புடன் எழுதப்பட்டவையே. எனினும் மனம் நொந்திருக்கும் பிள்ளை அதனைத் தனியே வாசிக்காமல், பெரியவர் ஒருவர் உடன் வாசிப்பது நல்லது. உங்கள் இல்லத்துப் பிள்ளை மிகவும் சோர்ந்திருப்பதாகத் தோன்றினால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். எம்மாநிலத்தில் இருந்தாலும் தமிழிலேயே பேசும் வசதி அதில் உண்டு.

சில வாரங்களுக்குப் பின், தோழி சொல்லிவிட்டாளாம் என்று என் மகள் தெரிவித்தாள். தாய் அன்றிரவு ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் காலை வழக்கம்போல் அழைத்து உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாராம். அதற்கு மேல் என்ன நடந்தது என்று நான் அறியேன், கேட்கவும் இல்லை. பெயரின்றி இதனை வானொலியில் சொல்வதற்கு அப்பிள்ளை இசைவு தந்திருப்பதால் சொன்னேன்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க வேண்டும் என்று அடிக்கடி பேசுகிறோம். திருக்குறள் ஒப்பிக்கச் செய்கிறோம். பொங்கலுக்குக் கோலம் போடச் சொல்கிறோம். யாவும் நல்லவையே. ஆயினும் பிள்ளையின் மனத்தில் இருப்பதைச் சொல்வதற்கு வீட்டு மொழியில் இடமில்லையென்றால், அது வேறு மொழியில், வேறு யாரிடமோ சென்று சொல்லும்; அல்லது சொல்லாமலே இருந்துவிடும். சொல்லாமல் இருந்துவிடுவதன் விலை என்ன என்பதை மேலே கண்டோம்.

எனவே உங்கள் பிள்ளையின் மேசையில் இத்தகைய சித்திர நாவல் ஒன்றைக் கண்டால், அதனை ஒளித்துவைக்க வேண்டாம். எடுத்து வாசியுங்கள், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பின்னர் அதைப் பற்றித் தமிழில் ஏதேனும் ஒரு வார்த்தை பேசுங்கள். இந்தப் பையனின் அம்மா நல்லவள் என்று சொன்னாலும் போதும். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.